கடைமடைக்கு வந்த நூலகம்

பட்டுக்கோட்டையில் பிரகதீஸ்வரி டீச்சர் வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது டீச்சரை அல்ல, டிரம்களை. வாசலில் இரண்டு, கொல்லையில் நான்கு, மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒன்று. எல்லாம் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்கள். எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர். இத்தனைக்கும் அந்தத் தெருவில் தினமும் குழாயில் தண்ணீர் வருகிறது. அதை யாராவது எடுத்துச் சொன்னால் டீச்சருக்குப் பிடிக்காது. “இன்னைக்கு வருது. நாளைக்கும் வரும்னு யாரு எழுதிக் குடுத்தா?” என்று கேட்பார். சொன்னவர் வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடிப்பார்.

அவர் கணவர் ராஜ்குமார் தேங்காய் வியாபாரி. கல்யாணமான இருபது வருடத்தில் அவர் காட்டிய ஒரே எதிர்ப்பு, குளிக்கப் போனதும் உள்ளேயிருந்து, “இது எந்த வருஷத்துத் தண்ணி டீச்சரம்மா?” என்று குரல் கொடுப்பதுதான்.

டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பிறந்த ஊர் தாழைக்காடு. கல்லணையில் புறப்படுகிற கால்வாய் எத்தனையோ ஊர்களைத் தாண்டி, கிளை பிரிந்து, கிளைக்குக் கிளை பிரிந்து, கடைசியில் கடல் வாடை அடிக்கிற இடத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கி நிற்கும். அந்த இடம்தான் கடைமடை. மேலே இருக்கிற அத்தனை பேரும் குளித்து, துவைத்து, நட்டு, பாய்ச்சி முடித்த பிறகு மிச்சம் இருந்தால் அங்கே வரும். ஷட்டர் திறக்கிற லஸ்கர் சைக்கிளில் வந்து, “பத்து நாள் முறை” என்று சொல்லிவிட்டுப் போனால், ஊரே வாரிச் சுருட்டிக்கொண்டு எழும். வயல், குளம், குட்டை, அண்டா, குண்டான், தூக்குவாளி, கடைசியாகக் குழந்தையின் பால் டப்பா. எதில் தண்ணீர் நிற்குமோ அதிலெல்லாம் நிரப்புவார்கள். பதினோராவது நாள் வாய்க்காலில் நண்டு நடக்கும்.

இந்த ஊரில் வளர்ந்தவருக்கு ஒரு வீரக்கதையும் உண்டு. டீச்சர் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் நாற்று கருகிக்கொண்டிருந்தது. மேலே இருந்த ஓர் ஊர்க்காரர்கள் வாய்க்காலில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். தாசில்தார் இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மேல் ஊர்க்காரர்கள், “மூட்டையை எல்லாம் எடுத்துட்டோம், வேற அடைப்பு எதுவும் இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு நாள் ஆகியும் தண்ணீர் வரவில்லை. தாழைக்காட்டு ஜனம் திரண்டு கரையோடு நடந்து போனது. மூட்டை ஒன்றுகூட இல்லை. வெங்காயத்தாமரைதான் மண்டிக் கிடந்தது. அதில் ஓர் இடம் மட்டும் லேசாகச் சுழன்றுகொண்டிருந்ததைக் கவனித்தது பிரகதீஸ்வரி. பள்ளிக்கூடத் தாவணியோடு குதித்தாள். காலில் தட்டுப்பட்டது, தண்ணீரை ரகசியமாக மேல் ஊர் வயலுக்குத் திருப்புகிற ஒரு குழாயின் வாய்.

செடியை அள்ளி எறிந்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி அந்தப் பெண் கேட்டாளாம்: “கையெழுத்துப் போட்ட மை காயலை, அதுக்குள்ள குழாயைப் புதைச்சு வச்சிருக்கீங்க. உங்க வயித்துல இறங்குறது சோறுதானா?” கரையில் நின்ற மேல் ஊர்ப் பெரிய மனிதர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.

டீச்சர் இந்தக் கதையை முப்பது வருடமாகச் சொல்லி வருகிறார். கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறார், ஆசிரியர் அறையில் சொல்லியிருக்கிறார், ஒரத்தநாட்டில் பஸ் பஞ்சரான போது முன்பின் தெரியாதவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். ராஜ்குமாருக்கு அது மனப்பாடம். எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் கையை ஓங்குவார் என்பது வரை தெரியும்.

நாற்பத்தைந்து வயதில் டீச்சருக்கு முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்துகிறவர். தாழைக்காட்டு வயல்களில் கடல் உப்பு ஏறி நாற்று வெளுத்துப்போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அதையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, தஞ்சாவூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வாளராகச் சேர்ந்தார். சேர்ந்த அன்றே சொன்னார்கள், நூலகத்தின் ஆய்விதழ்களை வீட்டிலிருந்தே இணையத்தில் படிக்கலாம், அதற்கு ஒரு லாகின் தருவோம் என்று. விண்ணப்பம் கொடுத்தார். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக அந்தத் தாளுக்கு எட்டு மாதம் ஆனது. கடைமடைக்காரருக்குக் காத்திருப்பது ஒன்றும் புதிதல்ல. ஆனால் காத்திருக்கக் காத்திருக்க, வந்தால் விடக்கூடாது என்ற வெறியும் உள்ளே ஏறிக்கொண்டே போகும்.

ஒரு சனிக்கிழமை காலை, இட்லி வெந்துகொண்டிருக்கும்போது மெயில் வந்தது. லாகின் தயார். உள்ளே நுழைந்ததும் நீளமாக ஒரு பக்கம். நூலகத்தின் இணைய வளங்களைப் பயன்படுத்தும் விதிகள். கீழே ஒரு சின்னக் கட்டம், பக்கத்தில் “படித்தேன், ஏற்கிறேன்” என்ற வாக்கியம். பரீட்சைத் தாள்களில் சிவப்பு மையால் “வினாவை முழுதாகப் படித்துவிட்டு எழுது” என்று இருபது வருடமாக எழுதி வரும் டீச்சர், ஒரு வரிகூடப் படிக்காமல் கட்டத்தில் டிக் அடித்தார்.

அவர் தேடியது வேறொன்றை. “என்னங்க, எத்தனை நாள் திறந்திருக்கும்னு எங்கயும் போடலையே?”

ராஜ்குமார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “போடலைன்னா ரொம்ப நாள் இருக்காது. சீக்கிரம் அள்ளு” என்றார். அவர் சும்மா கிண்டலுக்குச் சொன்னது. டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றின் பெரிய தளம் அது. ‘நெல்’ என்றும் ‘உப்பு’ என்றும் ஆங்கிலத்தில் அடித்தார். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. ஒவ்வொரு முறையும் இருபத்தைந்து கட்டுரைகளைச் சேர்த்துக் கட்டி இறக்கிக்கொள்ள வசதி இருந்தது. இதைக் கண்டதும் டீச்சருக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. இருபத்தைந்து, இருபத்தைந்து என்று இறைக்க ஆரம்பித்தார். எது என்ன என்று பார்க்கவில்லை. வாய்க்கால் தண்ணீரில் இது நல்ல தண்ணீர், இது கலங்கல் என்று யாராவது பிரித்துப் பார்ப்பார்களா? முதலில் நிரப்பு, அப்புறம் தெளியட்டும்.

சனி முழுக்க இறைத்தார். ஞாயிறு சமையலை ராஜ்குமாரிடம் விட்டுவிட்டு இறைத்தார். கரண்ட் போனால் என்ன செய்வது என்ற பயத்தில் நடுநடுவே நகலும் எடுத்தார். கைப்பையில் இருந்த பென் டிரைவில் ஒன்று, கணவரின் போனில் ஒன்று. மதியம் சாப்பிடும்போது இன்னொரு பென் டிரைவை நிரப்பி, “இதை எங்கயாவது பத்திரமா வைங்க” என்று கையில் திணித்தார். ராஜ்குமார் எதையோ சொல்ல வந்து, ரசம் பொங்குவதைப் பார்த்து ஓடினார்.

ஞாயிறு நான்கு மணிக்குத் திரை வெள்ளையாகிப்போனது. அனுமதி நிறுத்தப்பட்டுள்ளது என்று ஒரே ஒரு வரி. வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். டீச்சர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“முறை முடிஞ்சிருச்சுங்க. நல்ல வேளை, அதுக்குள்ள ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு எடுத்துட்டேன்.”

அந்தச் சந்தோஷத்தில் கேசரி கிண்டினார். உண்மையாகவே அவ்வளவு நிறைவாக இருந்தது அவருக்கு. வீட்டில் ஏழு டிரம் தண்ணீர், லேப்டாப்பில் ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் கட்டுரை. இனி எவன் அடைத்தால் என்ன.

திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில் போன் வந்தது. பேசியது ஹம்சத்வனி, பல்கலைக்கழக நூலகத்தில் இணைய வளங்களைக் கவனிக்கிற உதவி நூலகர். டீச்சரைவிடப் பத்து வயது சின்னவர். குரல் மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் பிடித்தால் விடமாட்டார்.

“டீச்சர், சனி ஞாயிறு ரெண்டு நாளும் நம்ம தளத்துல என்ன படிச்சீங்க?”

“இன்னும் ஒண்ணும் படிக்கலைங்க மேடம். எடுத்துதான் வச்சிருக்கேன்.”

அந்தப் பக்கம் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“நாளைக்குக் கிளம்பி வர முடியுமா? லேப்டாப்பையும் கொண்டுவாங்க. பதிப்பகத்துக்காரங்க மொத்தப் பல்கலைக்கழகத்தையும் நிறுத்தி வச்சிருக்காங்க. நாலாயிரம் பேருக்கு ஒண்ணும் திறக்கலை.”

டீச்சரின் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. ஷட்டர் முறைப்படி இறங்கவில்லை, தன்னால் இறங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனார். நூலகத்தில் ஹம்சத்வனியின் மேசைக்கு எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. அவள் பெயர் தஹ்மீனா, வேதியியலில் ஆய்வு செய்கிறவள். ஆய்வேட்டைத் திருத்திய பேராசிரியர் ஐந்து கட்டுரைகளின் பெயரை எழுதி, இவற்றோடு ஒப்பிட்டு ஒரு அத்தியாயத்தைத் திருத்திக் கொடு என்று சொல்லியிருந்தார். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று கொடுத்தால்தான் வாய்மொழித் தேர்வு இந்த மாதம் நடக்கும். இந்த மாதம் நடந்தால்தான் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் அவளுக்காக வைத்திருக்கிற வேலை கைக்கு வரும். ஐந்து கட்டுரையும் இருப்பது அந்த வெளிநாட்டுத் தளத்தில்.

“எழுதினவங்களுக்கே நேரா மெயில் போட்டுக் கேட்டோம்” என்றார் ஹம்சத்வனி. “ரெண்டு பேர் அனுப்பிட்டாங்க. மூணு வரலை.”

தஹ்மீனாவுக்கு யார் இவர் என்று தெரிந்திருந்தது. கோபப்பட்டிருந்தால் டீச்சர் தாங்கியிருப்பார். அவள் கோபப்படவில்லை.

“அக்கா, எனக்கு வேண்டியது மூணே மூணு. நீங்க ஆயிரத்து நானூறு எடுத்தீங்களாமே” என்றாள்.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. நண்டு நடக்கிற வாய்க்காலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை அவருக்கு நன்றாகத் தெரியும். அவள் இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“எத்தனை நாள் திறந்திருக்கும்னு தெரியாம எடுத்துட்டேன் மேடம்” என்று மெதுவாகச் சொன்னார்.

“மூடவே மாட்டாங்க டீச்சர். நீங்க ஆய்வு முடிக்கிற வரைக்கும் திறந்துதான் இருக்கும். விதியில முதல் வரியே அதுதான்.”

“நான் படிக்கலையே.”

“யாருமே படிக்கிறதில்லை” என்று பெருமூச்சு விட்டார் ஹம்சத்வனி. “நூலகம் இதையெல்லாம் விலைக்கு வாங்கி வைக்கலை டீச்சர். படிச்சுக்க அனுமதி வாங்கியிருக்கு, அவ்வளவுதான். நமக்கு வேண்டியதைத் திறந்து படிக்கலாம், தேவைப்பட்டதை எடுத்து வச்சுக்கலாம், எழுதும்போது யார்கிட்டேருந்து எடுத்தோம்னு சொல்லணும். மொத்தமா வாரக் கூடாது, பாஸ்வேர்டை அடுத்தவங்களுக்குக் குடுக்கக் கூடாது. வாரினா அங்க இருக்கிற இயந்திரம் திருடன் வந்துட்டான்னு கதவைச் சாத்திடும். அதுக்கு பிரகதீஸ்வரி டீச்சர், தங்கமானவங்கன்னு எல்லாம் தெரியாது.”

கதவு திறக்க வழி ஒன்றுதான் இருந்தது. எடுத்தவர் யார், ஏன் எடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று கடிதம் எழுத வேண்டும். எடுத்த எல்லா நகல்களும் அழிக்கப்பட்டுவிட்டன, வேறு எதுவும் எங்கும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அதை நூலகம் அனுப்பினால் இரண்டு நாளில் திறப்பார்கள்.

“அழிக்கிறதா? எல்லாத்தையுமா?” டீச்சர் லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“எல்லாத்தையும்.”

டீச்சர் லேப்டாப்பைத் திறந்தார். ஏழு டிரம்மையும் தெருவில் கவிழ்க்கச் சொன்னால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தேர்ந்தெடுத்தார், பொத்தானை அழுத்தினார். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று லேப்டாப் கேட்டது. தாழைக்காட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வியா இது! பக்கத்தில் தஹ்மீனா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆம்’ என்பதை அழுத்தினார். பிறகு கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து அதையும் காலி செய்தார். பிறகு கணவருக்குப் போன் போட்டார். ராஜ்குமார் லாரியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, உங்க போன்ல ஏத்தி வச்சேன்ல, அதை எல்லாம் அழிச்சிடுங்க.”

“எதை, அந்த அரிசி உப்பு சமாச்சாரத்தையா? ஐயா ஜாலி! ஒரு போட்டோ எடுக்க இடமில்லாம கிடந்துச்சு.” அடுத்த நிமிடமே அழித்துவிட்டு, காலி இடத்தைப் படம் பிடித்தும் அனுப்பினார். அவ்வளவு சந்தோஷம் மனுஷனுக்கு.

“வேற எங்கயும் இல்லையே?” என்று கேட்டார் ஹம்சத்வனி.

டீச்சர் யோசித்தார். லேப்டாப், பை, போன். “இல்லைங்க மேடம்” என்றார். மனதறிந்து சொன்ன வார்த்தைதான் அது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் போன பிறகு ஹம்சத்வனி, “போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. அந்த ஆயிரத்து நானூறுல என்னதான் இருந்துச்சுன்னு பார்த்தீங்களா?” என்று கேட்டார். அவரிடம் தரவிறக்கப் பட்டியல் இருந்தது. இருவரும் பார்த்தார்கள். ஜப்பானில் அரிசிச் சோற்றை எத்தனை டிகிரியில் பெட்டியில் அடைப்பது என்று ஒன்று. உப்புக் குறைத்துச் சாப்பிடுகிற ரத்தக் கொதிப்புக்காரர்களைப் பற்றி நாற்பது. ரொட்டி, ஊறுகாய், பாறை உப்பு, மீன் கருவாடு. கருவாட்டைக் கண்டதும் தஹ்மீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தில் சிரிப்பு வந்ததைப் பார்த்து டீச்சருக்கும் அசட்டுச் சிரிப்பு வந்தது.

“கலங்கத் தண்ணியைத்தான் நிரப்பியிருக்கேன்” என்றார்.

பதிப்பகத்தின் தளம் மூடிக் கிடந்தாலும் நூலகத்தின் தேடுபக்கம் திறந்திருந்தது, தலைப்புகளைப் பார்க்கலாம். ஹம்சத்வனி நாற்காலியை இழுத்துப் போட்டார். உப்பு என்று மட்டும் அடிக்காமல் மண் உவர்ப்பு என்று அடிக்கவைத்தார். நெல் என்பதோடு நாற்றுப் பருவத்தைச் சேர்க்கவைத்தார். கடலோர ஆற்றுப் படுகை, கடந்த பத்து வருடம். பட்டியல் ஒவ்வொரு முறையும் வற்றிக்கொண்டே வந்து முப்பத்தொன்றில் நின்றது. அதில் ஆறு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கிற திறந்த இதழ்களில் இருந்தன. லாகினே வேண்டாம். எட்டு மாதமாக அவை டீச்சருக்காகத் திறந்தே கிடந்திருக்கின்றன.

“இந்தத் தேடலைச் சேமிச்சு வச்சிட்டேன். புதுசா ஏதாவது வந்தா அதுவே உங்களுக்கு மெயில் போடும். நீங்க குடத்தைத் தூக்கிட்டு ஓட வேண்டாம்” என்றார் ஹம்சத்வனி.

“உங்களுக்குச் சொன்னா புரியாது மேடம். நீங்க எந்த ஊரு?”

“பாபநாசம். வீட்டு வாசல்லயே வாய்க்கால்.”

“அதான்” என்றார் டீச்சர்.

வியாழக்கிழமை மதியம் தஹ்மீனாவிடமிருந்து ஒரு வரி வந்தது: “அக்கா, தண்ணி வந்துருச்சு.” டீச்சர் அதை ஆசிரியர் அறையில் நான்கு பேருக்குக் காட்டினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அலுவலக முத்திரை குத்திய முதல் பக்கத்தின் படம் வந்தது. டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பதினோராம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்தப் போனார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் அவரும் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை உலை வைக்க அரிசி எடுக்கப் போன ராஜ்குமார், சமையலறையில் இருந்த அரிசி டிரம்முக்குள் கையை முழங்கை வரை விட்டு, எதையோ பிடித்து வெளியே இழுத்தார். தவிட்டுப் பொடி படிந்த ஒரு பென் டிரைவ்.

“அட, இது இங்க இருக்கு! நீதானே பத்திரமா வைக்கச் சொன்ன. நம்ம வீட்டுல இதைவிடப் பத்திரமான இடம் எது?”

டீச்சர் பிடுங்கி லேப்டாப்பில் சொருகினார். ஞாயிறு மதியம் வரை இறைத்ததெல்லாம் அப்படியே இருந்தது. ஆயிரத்து முந்நூற்று எண்பத்தேழு.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதைப் பார்த்ததும் டீச்சருக்கு வந்த முதல் உணர்ச்சி சந்தோஷம். வற்றிப்போன குளத்தில் ஊற்றுக் கண்ட மாதிரி ஒரு சந்தோஷம். பென் டிரைவை முந்தானையில் துடைத்துக் கையில் இறுக்கிக்கொண்டார். யாருக்குத் தெரியப் போகிறது? தளம் திறந்தாகிவிட்டது. தஹ்மீனாவின் வேலை முடிந்துவிட்டது. கருவாட்டுக் கட்டுரைகளை வேண்டுமானால் அழித்துவிடலாம். மற்றது ஒரு மூலையில் கிடந்தால் யாருக்கு நஷ்டம்? நாளைக்கே பல்கலைக்கழகம் அனுமதி வாங்காமல் விட்டுவிட்டால்? வருடக்கணக்கில் ஆய்வு இருக்கிறதே? சாம்பாருக்குப் பருப்பு வேகும் வரை இப்படியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கணக்கும் வைத்துக்கொள் என்றுதான் விடை சொன்னது.

ராஜ்குமார் அரிசியைக் களைந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தார். இருபது வருடக் குடித்தனம். உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

“வச்சுக்க டீச்சரம்மா” என்றார் சிரித்தபடி. “கையெழுத்துப் போட்டாச்சு, தண்ணியும் வந்தாச்சு. இது பாட்டுக்கு வெங்காயத்தாமரைக்கு அடியிலயே கிடக்கட்டும்.”

வழக்கமான கிண்டல்தான். ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. கையை விரித்துப் பென் டிரைவைப் பார்த்தார். முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ராஜ்குமாருக்கே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

“நான் சும்மா சொன்னேம்மா.”

“சரியாத்தான் சொன்னீங்க” என்றார் டீச்சர். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் லீவு. தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார், டீச்சர் கண்டுகொள்ளவில்லை. ஹம்சத்வனியின் மேசைமேல் பென் டிரைவை வைத்தபோது அதன் மூடியில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது.

“இன்னும் ஒண்ணு இருந்துச்சு மேடம். கையெழுத்துப் போடும்போது எனக்குத் தெரியாது. நேத்துதான் கிடைச்சுது.”

ஹம்சத்வனி பென் டிரைவையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுக்காகவா பட்டுக்கோட்டையிலேருந்து பஸ் ஏறி வந்தீங்க? வீட்டுலயே அழிச்சிருக்கலாமே.”

“கடிதத்துல வேற எங்கயும் இல்லைன்னு எழுதிருக்கேன். அது பொய்யாப் போச்சே. அதுக்குக் கீழ ஒரு வரி சேர்த்து எழுதி அனுப்பணும்.”

“டீச்சர், விவகாரம் முடிஞ்சு அவங்க ஃபைலையே மூடியிருப்பாங்க.”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். தன் கதையைச் சொன்னார். நாற்று கருகியது, தாசில்தார் ஆபீஸ், கையெழுத்து, வெங்காயத்தாமரை, குழாய். முப்பது வருடமாகக் கையை ஓங்குகிற இடம் வந்தபோது கை எழவில்லை. இத்தனை வருடமும் அந்தக் கதையை அவர் தண்ணீருக்குள் நின்றுதான் சொல்லியிருக்கிறார். கரையில் தலை குனிந்து நின்றவர்களில் ஒருவராக நின்று சொல்வது இதுதான் முதல் தடவை.

“அவங்களும் வீட்டுல போய் இதையேதான் சொல்லியிருப்பாங்க மேடம். முடிஞ்சு போச்சு, யாருக்குத் தெரியப் போவுதுன்னு. நான் அவங்களை அன்னைக்கு என்ன கேட்டேனோ, அதை என்னை யாரும் கேக்கக் கூடாது.”

ஹம்சத்வனி நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பினார். பென் டிரைவைத் தன் கணினியில் சொருகி, டீச்சர் கண்ணெதிரிலேயே காலி செய்தார். ஒட்டியிருந்த அரிசியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். பிறகு முன்பு அனுப்பிய கடிதத்தின் நகலை நீட்டினார். அதன் கீழே டீச்சர் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார்: ‘மேற்படி கடிதம் கொடுத்த பிறகு இன்னும் ஒரு நகல் என் வீட்டில் கிடைத்தது. அதுவும் நூலகர் முன்னிலையில் அழிக்கப்பட்டது.’

“இதை அனுப்புறேன்” என்றார் ஹம்சத்வனி. “ஆனா ஒண்ணு. இந்தத் தடவை மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பேசிப் பார்த்துக்கறேன். உங்க கணக்கை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கச் சொன்னாலும் சொல்வாங்க.”

“சொல்லட்டும்.”

சொன்னார்கள். புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹம்சத்வனி போன் செய்தார். குரல் தயங்கியது. மொத்தமாக எடுத்ததற்காக டீச்சரின் லாகின் முப்பது நாள் நிறுத்தப்படுகிறது. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

“முப்பது நாள் டீச்சர். எனக்கே கஷ்டமா இருக்கு.”

டீச்சர் டிபன் பாக்ஸை மூடிவைத்தார். எதிரே, பிரிண்ட் எடுத்துவைத்த ஒரு கட்டுரை திறந்து கிடந்தது. இலவசமாகக் கிடைத்த ஆறில் முதலாவது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. மூன்று நாளாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். இன்னும் முடியவில்லை.

“இதுக்கு ஏன் மேடம் கஷ்டப்படறீங்க?” என்றார். “முப்பதாவது நாள் திறப்பாங்கன்னு தேதியே போட்டுக் குடுத்திருக்காங்க. எங்க ஊருக்கு இப்படி ஒரு தடவைகூட யாரும் எழுதிக் குடுத்ததில்லை.”